ஸ்கார்விக்கில் காணாமல் போன நிமிடம்

எல்வேமோ ரேடார் நிலையம்
3 டிசம்பர் 1984

மதிப்பிற்குரிய திருமதி குன்வோர் ஈசாக்சன் அவர்களுக்கு,

நாம் நேரில் சந்தித்ததில்லை. ஆகஸ்ட் மாதம் முதல் இந்த நிலையத்தின் பதிவுகளுக்கு நான் பொறுப்பு. உங்கள் வீட்டுக் கொட்டகையில் இருக்கும் வானக் கேமராவின் ஃபிலிம் சுருள்கள் வாரந்தோறும் என் மேசைக்குத்தான் வருகின்றன. படங்கள் மிகத் தெளிவு. கேமராவுக்கு மேலிருக்கும் கண்ணாடிக் கவிகையில் உறைபனி படிந்த படம் இதுவரை ஒன்றுகூட வரவில்லை. அதற்கு நன்றி.

ஆனால் ஒரு குறை. எங்கள் ரேடார் மேலே அனுப்பும் அலை நூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து திரும்பி வருகிறது. துருவ ஒளி எந்த உயரத்தில் காற்றை எவ்வளவு கிளறுகிறது என்று அதை வைத்துச் சொல்கிறோம். உங்கள் கேமரா அதே வானத்தை இருபது நொடிக்கு ஒரு படம் எடுக்கிறது. ஒளிப்பட்டை எங்கள் தலைக்கு நேர் மேலே வரும் அந்தக் கணத்தில் ரேடாரின் எதிரொலியும் துள்ள வேண்டும். நவம்பர் 19ஆம் தேதி மாலை ஐந்து நாற்பத்தொன்றுக்கு ஒளிப்பட்டை வந்துவிட்டதாக உங்கள் படம் சொல்கிறது. என் பதிவு நாடா ஐந்து நாற்பத்திரண்டு என்கிறது. மற்ற நாட்களிலும் இதே கதைதான். சரியாக ஒரு நிமிடம்.

எனவே, படத்தின் மூலையில் தெரியும் உங்கள் கடிகாரம் ஒரு நிமிடம் பின்தங்கி ஓடுகிறது. பிப்ரவரி தொடக்கத்தில் துருவ ஒளிக்குள்ளேயே ஒரு ராக்கெட்டை ஏவப் போகிறார்கள். ஐந்து பல்கலைக்கழகங்கள் நம் இருவரின் நேரத்தையும் நம்பியிருக்கின்றன. தயவுசெய்து கடிகாரத்தைச் சரிசெய்து, சரிசெய்த விவரத்தை எனக்குத் தயவுசெய்து தெரிவிக்கவும்.

தங்கள் உண்மையுள்ள,
ஹால்வார் லுண்டே


ஸ்கார்விக்
7 டிசம்பர்

மதிப்பிற்குரிய திரு. லுண்டே,

கவிகையைப் பாராட்டியதற்கு நன்றி. அதைத் துடைப்பது என் கணவர் ஓட்வாரின் பழைய கம்பளிக் கால்சட்டை. பாராட்டில் பாதியை அதற்குக் கொடுத்துவிட்டேன்.

கடிகாரம் பின்தங்கவில்லை.

இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லைதான். ஆனாலும் இவ்வளவு பெரிய காகிதத்தை வீணாக்க மனசில்லை. மதியம் ஒரு மணிக்கு, மீனவர்களுக்கான வானிலைக்கு முன்னால், வானொலியில் மணியைக் குறிக்கக் கூக் கூக்கென்று சத்தம் வரும்; கடிகாரத்தை அதோடு ஒப்பிடுவேன். ஐந்து வருடமாக அந்த நேரத்துக்கு நான் வேறெதற்கும் வீட்டை விட்டுப் போனதில்லை. என் தங்கை கல்யாணத்துக்குக்கூட ஒன்றரை மணிப் படகில்தான் போனேன். எங்கள் ஊரில் யாருக்காவது சரியான நேரம் வேண்டுமென்றால் என் சமையலறை ஜன்னலைத்தான் தட்டுவார்கள். படகில் டிக்கெட் கொடுக்கும் ரெய்தார் படகுக் கடிகாரத்தையே என்னைக் கேட்டுத்தான் வைக்கிறார்.

உங்கள் கடிதத்தை ஓட்வாரிடம் படித்துக் காட்டினேன். "தயவுசெய்துன்னு ஒரே வரியில ரெண்டு தடவை எழுதியிருக்கான். தெக்கத்திக்காரன்தான், சந்தேகமே இல்ல" என்றார். நிஜமா?

குன்வோர் ஈசாக்சன்


எல்வேமோ
12 டிசம்பர்

மதிப்பிற்குரிய திருமதி ஈசாக்சன்,

ஆமாம், நான் தெற்கே டெலமார்க் மாவட்டத்துக்காரன். நிலையத்துக் கடிகாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நம்பிக்கையால் ஒரு கடிகாரம் சரியாக ஓடிவிடாது என்பதை வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் கணினியின் நேரத்தை நான் தினமும் சிற்றலை வானொலியின் நேர ஒலியோடு ஒப்பிடுகிறேன். ஒரு நொடிகூடப் பிசகியதில்லை. ஆகவே, ஸ்கார்விக் படங்களின் நேரத்தை இந்த இலையுதிர் காலம் முதல் நம்ப வேண்டாமென்று எல்லா நிலையங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பிவிட்டேன். ஜனவரி 4ஆம் தேதி ஒரு வேன் வரும். கேமரா நோர்ட்நெஸ் பள்ளிக்கூடத்துக்கு மாறுகிறது. அங்கே மின்கடிகாரம் இருக்கிறது.

இதில் தனிப்பட்ட மனத்தாங்கல் ஏதுமில்லை. ஐந்தாண்டுப் பணிக்கு நிலையத்தின் சார்பில் நன்றி.

ஹால்வார் லுண்டே


ஸ்கார்விக்
16 டிசம்பர்

திரு. லுண்டே,

உங்களுக்கு மனத்தாங்கல் இல்லாமல் இருக்கலாம். எனக்கு இருக்கிறது.

உங்கள் சுற்றறிக்கை நோர்ட்நெஸ் பள்ளிக்கும் போயிருக்கிறது. அங்கே ஆசிரியர் அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். சனிக்கிழமை நான் கிறிஸ்துமஸ் சாமான் வாங்கப் படகேறினேன். டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே ரெய்தார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "என்னக்கா, இன்னிக்கு மணி என்ன? ஒங்க மணியா, ஊர் மணியா?" என்று கேட்டார். படகே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அன்று சாயங்காலம் படகுக் கடிகாரத்தை என்னைக் கேட்காமலே அவர் திருப்பி வைத்ததை நான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து ஓட்வாரிடம் சொன்னேன். அவர் வலையை ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தார். "அந்த டெலமார்க்காரன வரச் சொல்லு. அவன் கடிகாரத்த என் படகுல நங்கூரமா கட்டித் தொங்கவிடறேன்" என்றார். இப்படி அவர் ஒரு மூச்சில் பேசுவது அபூர்வம். என் மேல் இவ்வளவு அக்கறையா என்று பார்த்தால், "கேமரா போயிட்டா கொட்டகை எனக்கு வரும்ல?" என்றும் கேட்டார்.

கேமராவை எடுத்துக்கொள்ளுங்கள். அது உங்களுடையது. ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வேண்டும். 'இந்த இலையுதிர் காலம் முதல்' என்றால் எந்தத் தேதி முதல்? அதற்கு முந்தின ஐந்து வருடம் என் கடிகாரம் எப்படி இருந்தது?

கு. ஈசாக்சன்


எல்வேமோ
19 டிசம்பர்

மதிப்பிற்குரிய திருமதி ஈசாக்சன்,

கேள்வி நியாயமானது. அதை நானே முன்பே கேட்டிருக்க வேண்டும். நேற்று முழுக்கப் பழைய நாடாக்களை எடுத்துப் பார்த்தேன். அக்டோபர் 24 வரை உங்கள் படமும் எங்கள் ரேடாரும் அச்சு அசலாகப் பொருந்துகின்றன. 26ஆம் தேதி முதல் ஒரு நிமிட வித்தியாசம். 25ஆம் தேதிப் புயலில் இரண்டு ஊரிலும் மின்சாரம் போனது உங்களுக்கு நினைவிருக்கும். மின்சாரம் திரும்பி வந்தபோது உங்கள் கடிகாரத்தை மறுபடி வைத்திருப்பீர்கள். அப்போது ஒரு நிமிடம் தவறியிருக்கும். யாருக்கும் நேரக்கூடியதுதான்.

பள்ளியில் சுற்றறிக்கையை ஒட்டியது எனக்குத் தெரியாது. அது தேவையில்லாத வேலை. படகில் நடந்ததற்கு வருந்துகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு மற்றவர்கள் ஊருக்குப் போகிறார்கள். ரேடாரை அணைக்க முடியாது என்பதால் நான் இருக்கிறேன். எதற்கு இதை எழுதினேன் என்று தெரியவில்லை. இங்கே மூன்று மணிக்கே வானம் பச்சையாகிவிடுகிறது. பக்கத்தில் நின்று 'அதோ பார்' என்று சொல்லத்தான் ஆளில்லை.

பண்டிகை வாழ்த்துகள்.
ஹால்வார் லுண்டே


ஸ்கார்விக்
23 டிசம்பர்

திரு. லுண்டே,

முதலில் பொட்டலம். அதில் இருப்பது காய்ந்த காட் மீன், இரண்டு டப்பா மேகப்பழ ஜாம், ஒரு ஜோடி காலுறை. காலுறை ஓட்வாருக்குப் பின்னியது. அளவு பெரிதாகப் போய்விட்டது. மீனைச் சுத்தியலால் தட்டிவிட்டுத் தின்னவும். தெற்கத்திக்காரர்கள் அப்படியே கடித்துப் பல்லை உடைத்துக்கொள்வதுண்டு. கோபத்தில் இருக்கிறேன் என்பதற்காக ஓர் ஆளைக் கிறிஸ்துமஸ் அன்று வெறும் ரொட்டி தின்ன விடமுடியாது.

இப்போது கடிகாரம்.

ஒன்று. அது சாவி கொடுக்கும் கடிகாரம். ஓட்வாரின் அப்பா படகில் இருந்தது. புயலில் மின்சாரம் போனது அதற்குத் தெரியவே தெரியாது. கேமராதான் நின்றது, கடிகாரம் நிற்கவில்லை. அது நிற்காதபோது நான் ஏன் மறுபடி வைக்கிறேன்?

இரண்டு. இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். சிரிக்காதீர்கள். கவிகையின் உறைபனி உருக மண்ணெண்ணெய் அடுப்பை ஏற்றிவிட்டுக் கொட்டகையில் பத்து நிமிடம் நிற்க வேண்டும். நின்றால் பொழுது போகாது. கொட்டகைப் பலகையில் ஒரு மரக்கணு கழன்று விழுந்து, விரல் நுழையும் அளவு ஓட்டை ஒன்று உண்டு. அதில் கண்ணை வைத்தால் ஓட்வாரின் மீன் புகைபோடும் குடிலின் புகைபோக்கி தெரியும். மேற்கே ஒரு செம்மஞ்சள் விண்மீன் இறங்கி வந்து அந்தப் புகைபோக்கிக்குப் பின்னால் சட்டென்று மறையும். விளக்கை ஊதி அணைத்த மாதிரி இருக்கும். செப்டம்பர் கடைசியில் ஒருநாள் அது மறைந்த நேரத்தைக் கேமராக் கடிகாரத்தில் பார்த்துக் குறித்தேன். மறுநாளும் குறித்தேன். நேற்றையதைவிட ஏறக்குறைய நான்கு நிமிடம் முன்னால். அடுத்த நாளும் அதே நான்கு நிமிடம். அப்புறம் விட முடியவில்லை. மேகமில்லாத நாளிலெல்லாம் குறித்திருக்கிறேன். ஓட்வாருக்குக்கூடச் சொன்னதில்லை. "வேற வேலை இல்லையா?" என்பார்.

நோட்டையே அனுப்புகிறேன். தொலைத்துவிட வேண்டாம். நீங்கள் பார்க்க வேண்டிய இடத்தில் ஊசி குத்தியிருக்கிறேன்.

அக்டோபர் 24, புயலுக்கு முந்தின நாள்: ஆறு மணி, இருபத்துநான்கு நிமிடம், பதினான்கு நொடி.
அக்டோபர் 27, புயலுக்குப் பின்: ஆறு மணி, பன்னிரண்டு நிமிடம், இருபத்தேழு நொடி.

மூன்று நாளில் பதினொரு நிமிடம் நாற்பத்தேழு நொடி முன்னால் வந்திருக்கிறது. மற்ற எந்த மூன்று நாளை எடுத்தாலும் இதே கணக்கு, ஒரு நொடி இரண்டு நொடி கூடக்குறைய. அந்த நொடி என் கண் இமைத்தது. 25ஆம் தேதி என் கடிகாரம் ஒரு நிமிடம் பின்னால் குதித்திருந்தால், விண்மீனும் அன்று ஒரு நிமிடம் குதித்திருக்க வேண்டும். அது குதிக்கவில்லை. புகைபோக்கி நகர்ந்திருக்கலாம் என்று சொல்வீர்களோ என்று போய்த் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை.

எனவே ஒன்று வானம் தவறு. இல்லையென்றால் யார் என்று நான் சொல்ல மாட்டேன்.

நல்ல கிறிஸ்துமஸ்.
குன்வோர் ஈசாக்சன்


எல்வேமோ
2 ஜனவரி 1985

அன்புள்ள திருமதி ஈசாக்சன்,

மீனைச் சுத்தியலால் தட்டினேன். காலுறை சரியாக இருக்கிறது. நோட்டை மூன்று முறை படித்தேன்.

அந்த விண்மீனுக்குப் பெயர் சுவாதி. எல்லா விண்மீன்களும் நாளுக்கு மூன்று நிமிடம் ஐம்பத்தாறு நொடி முந்தி வரும். பூமி சூரியனைச் சுற்றுவதால் வரும் கணக்கு அது. ஓட்டையில் கண் வைத்தே நீங்கள் அதைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். நாற்பத்தொன்பது பதிவுகள். நான் வரைபடம் போட்டுப் பார்த்தேன். கோடு ஓரிடத்திலும் உடையவில்லை.

இப்போது இதற்கு மேல் எழுத முடியவில்லை. ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். வேனை நிறுத்தச் சொல்லி மூன்று முறை தொலைபேசினேன். விடுமுறை, யாரும் எடுக்கவில்லை. வேன் வந்துவிட்டால் என்னை மன்னியுங்கள்.

ஹா. லுண்டே


ஸ்கார்விக்
6 ஜனவரி

திரு. லுண்டே,

வேன் வந்தது.

ஓட்டி வந்தவன் நல்ல பிள்ளை. கொட்டகைக் கதவுக்கு முன்னால் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். "அம்மா, எனக்கு ஒண்ணும் தெரியாது. பெட்டிய எடுத்துட்டு வான்னாங்க. குளிருது. முடிச்சுட்டுப் போயிடறேன்" என்றான். "குளிருதுன்னா முதல்ல உள்ள வந்து சாப்பிடு" என்றேன். ஈரலும் சினையும் சேர்த்து அவித்த காட் மீன், உருளைக்கிழங்கு. மூன்று தட்டு. அதற்குள் நாலரை மணிப் படகு போய்விட்டால் வேன் நாளைக்குத்தானே கிளம்ப முடியும் என்று என் கணக்கு. அந்தக் கணக்குக்கு எதிரி என் வீட்டிலேயே இருந்தார். ஓட்வார் கடிகாரத்தைப் பார்த்து, "தம்பி, படகுக்கு நேரமாச்சு. இந்த வீட்டுக் கடிகாரம் தப்பாது" என்றார்! பெருமையாகச் சொன்னாராம். பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவருக்குப் புரிந்தது. அதற்கப்புறம் என் கண்ணைப் பார்க்காமல் உருளைக்கிழங்கைப் பார்த்தார்.

கேமரா போய்விட்டது. கவிகை இருந்த இடத்தில் கூரையில் வட்டமாக ஓட்டை. ஓட்வார் பலகை அடித்து மூடினார். கொட்டகை இப்போது அவருக்குத்தான். ஆனால் வலையை அங்கே கொண்டு போகவில்லை. கேட்டால், "அப்புறம் பாக்கலாம்" என்கிறார்.

நேற்று வானம் மிக நன்றாக இருந்தது. நான் ஒன்றும் குறிக்கவில்லை.

எதைச் சரிபார்க்கப் போனீர்கள்?

கு.


எல்வேமோ
9 ஜனவரி

அன்புள்ள குன்வோர் ஈசாக்சன்,

நான்தான்.

நிலையத்தின் குறிப்பேட்டை எடுத்தேன். அக்டோபர் 25, மதியம்: 'மின்சாரம் வந்தது. கணினியின் கடிகாரம் வானொலிப்படி வைக்கப்பட்டது. ஹா.லு.' என் கையெழுத்து. அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கணினியில் வரப்போகும் நிமிடத்தை முன்கூட்டியே தட்டி வைத்துக்கொண்டு, வானொலியில் அந்த நிமிடத்தின் ஒலி வந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு மணி எட்டு நிமிடம் என்று தட்டி வைத்தேன். தொலைபேசி அடித்தது. இயக்குநர். "எப்பய்யா ஓட ஆரம்பிக்கும்?" என்று கத்தினார். ஒலி வந்தது. அழுத்தினேன். அது இரண்டு ஏழின் ஒலி.

தினமும் ஒப்பிடுகிறேன் என்று உங்களுக்கு எழுதினேன் அல்லவா? பொய்யில்லை. ஒலி வரும்போது திரையில் நொடி பூஜ்ஜியமாகிறதா என்று தினமும் பார்த்தேன். எழுபது நாள் பார்த்தேன். நிமிடத்தைப் பார்க்கவே இல்லை. நிமிடத்தை யார் பார்ப்பார்கள்? ஒரு நொடிகூடப் பிசகவில்லை, பிசகியது சரியாக அறுபது நொடி. புத்தாண்டு கழிந்து வானொலிக்காரர் வாயால் நேரம் சொல்லும் வரை உட்கார்ந்திருந்தேன். அவர் இரண்டு இருபது என்றார். என் திரை இரண்டு இருபத்தொன்று என்றது. அறையில் நான் மட்டும்தான். இருந்தும் காது சுட்டது.

இந்த எழுபது நாள் பதிவும் ஐந்து பல்கலைக்கழகங்களுக்குப் போயிருக்கிறது. எங்கள் ஆட்கள் சிலர், 'ரேடாரில் சத்தமில்லாமல் ஒரு நிமிடம் கழித்துவிடலாம், யாருக்கும் தெரியாது' என்றார்கள். எனக்கும் ஒரு நாள் முழுக்க அப்படித்தான் தோன்றியது, ஒளிக்க விரும்பவில்லை. அப்புறம் படகில் நீங்கள் சிரித்ததை எழுதியிருந்தீர்களே, அது நினைவுக்கு வந்தது. புதிய சுற்றறிக்கை இன்று போகிறது. தவறு ரேடாருடையது, வைத்தவன் நான், கண்டுபிடித்தது ஸ்கார்விக்கில் திருமதி ஈசாக்சன், இன்ன முறையில் என்று முழுக்க எழுதியிருக்கிறேன். நோர்ட்நெஸ் பள்ளிக்குத் தனியாக ஒரு பிரதி. பலகையில் ஒட்டச் சொல்லி.

கேமராவை எந்த முகத்தோடு திருப்பித் தருவது என்று தெரியவில்லை. ராக்கெட்டுக்கு இன்னும் மூன்று வாரம்தான். நீங்கள் முடியாது என்றால் எனக்குப் புரியும்.

ஹால்வார் லுண்டே


ஸ்கார்விக்
13 ஜனவரி

அன்புள்ள லுண்டே,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வெற்றி வந்தால் ஆடிப்பாட வேண்டும் என்று நினைத்திருந்தேன். வரும்போது அப்படி இல்லை. அந்த அறையில் உங்கள் காது சுட்டதுதான் கண்ணில் நின்றது. பிறகு ஓட்வார் வந்தார். படித்துக் காட்டினேன். அவர் ஆடினார். நாற்பத்தெட்டு வயதில், ரப்பர் பூட்ஸோடு, சமையலறையில்.

கேமராவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மூன்று நிபந்தனை.

வேன் வேண்டாம். நீங்களே கொண்டு வர வேண்டும், சனிக்கிழமைப் பதினொன்றரைப் படகில். அதில்தான் கூட்டம் இருக்கும்.

மணியைப் பற்றி ரெய்தாரிடம் நீங்களே சொல்ல வேண்டும். சத்தமாக. தெற்கத்திப் பேச்சில் சொன்னாலும் பரவாயில்லை.

மூன்றாவது, ஓட்வாருடையது: "மத்தியானச் சாப்பாட்டுக்கு இருந்துட்டுத்தான் போகணும்னு எழுது. கூரையில அடிச்ச பலகைய அவனே பிடுங்கட்டும்."

நோட்டையும் கொண்டு வாருங்கள். எட்டு நாள் குறிக்காமல் விட்டதில் கை நமநமவென்கிறது.

குன்வோர்


எல்வேமோ
6 பிப்ரவரி

அன்புள்ள குன்வோர்,

வாழ்நாளில் நான் கொடுத்த மிகச் சிரமமான உரை எதுவென்று யாராவது கேட்டால், லண்டன் மாநாடு என்று இனிச் சொல்ல மாட்டேன். ஸ்கார்விக் படகின் காப்பிக்கடை என்பேன். மடியில் பெட்டி, எதிரில் முப்பது பேர், ஒருத்தர்கூட வாஃபிளை மெல்லவில்லை. நான் சொல்லி முடித்ததும் ரெய்தார் என்ன சொன்னார் என்பதை உங்களிடம் வந்தபோது சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. "அப்போ ஒரு நிமிஷம் முன்னாடியே வாழ்ந்துட்டிருந்தீங்களா சார்? அங்க எப்படி இருக்கு?" என்றார். படகுக் கடிகாரத்தை உங்களைக் கேட்டுத் திருப்பி வைத்துவிட்டதாகத் துறையில் இறங்கும்போது கேள்விப்பட்டேன்.

ராக்கெட். நீங்கள் உங்கள் வாசலிலிருந்தே பார்த்திருப்பீர்கள். பத்து நாள் காத்திருந்தோம். மேகம், காற்று, மேகம். பதினோராம் நாள், அதாவது நேற்று மாலை ஐந்தரைக்கு, வடக்கே ஒரு பட்டை மெல்ல எழுந்து வந்தது. ஏவுதளத்திலிருந்து தொலைபேசியில், "லுண்டே, அது உன் தலைக்கு மேல எப்ப வரும்?" என்று கேட்டார்கள். வேகத்தை அளந்து, ஆறு நிமிடம் என்றேன். சொல்லிவிட்டு இன்னொரு முறை அளந்து பார்த்தேன். ஏவினார்கள். ஐந்து நாற்பதுக்கு ராக்கெட் பட்டைக்குள் நுழைந்தது. என் எதிரொலி துள்ளியது. இன்று காலை முதல் படகில் நீங்கள் கொடுத்தனுப்பிய சுருள் வந்தது. கழுவி, ஈரத்தோடேயே விளக்கில் பிடித்துப் பார்த்தேன்.

ஐந்து நாற்பது. பட்டை எங்கள் தலைக்கு நேர் மேலே. கீழ்விளிம்பு இளஞ்சிவப்பு. மூலையில் உங்கள் மாமனாரின் கடிகாரம்.

இயக்குநர் என்னைக் கட்டிப்பிடித்தார். அவருக்கு அது பழக்கமில்லை. இருவருக்குமே வலித்தது.

இன்னொரு செய்தி. என் சுற்றறிக்கைக்குப் பதில்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. ஏளனம் செய்வார்கள் என்று பயந்து பிரித்தேன். பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். ஓட்வாருக்கும் படித்துக் காட்டுங்கள். ஸ்வீடனில் காந்தமானி பார்ப்பவர், 'உங்கள் கடிதம் தந்த தைரியத்தில் எழுதுகிறேன்' என்று தொடங்கி, போன வருடம் கோடைக்காக ஊரெல்லாம் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைக்கும் நாளில் தான் பின்னால் தள்ளி வைத்துவிட்டதாக ஒப்புக்கொள்கிறார். பின்லாந்தில் ஒரு நிலையத் தலைவர் இரண்டு குளிர்காலமாகக் கேமராவை வடக்கு தெற்கு மாற்றிப் பொருத்தியிருந்தாராம். துருவ ஒளி தெற்கேயிருந்து வருகிறது என்று ஒரு கட்டுரைக்கு முன்னுரைகூட எழுதிவிட்டாராம். ஸ்காட்லாந்துப் பேராசிரியர்தான் எல்லோருக்கும் மேல். அடிவானத்தில் மங்கலான நிரந்தர ஒளி ஒன்றை மூன்று வருடம் அளந்தார். அது பக்கத்து ஊர்த் தக்காளித் தோட்டத்தின் கண்ணாடி வீடு. தோட்டக்காரர் விளக்கை அணைத்துவிட்டு விடுமுறைக்குப் போன வாரம் உண்மை தெரிந்திருக்கிறது. 'இதை நான் என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்' என்று முடித்திருக்கிறார்.

இதுவரை ஏழு கடிதங்கள். யாரும் ஏளனம் செய்யவில்லை.

உங்கள்,
ஹால்வார்


ஸ்கார்விக்
10 பிப்ரவரி

அன்புள்ள ஹால்வார்,

ராக்கெட்டைப் பார்த்தேன். ஊரே வெளியே நின்றது. ரெய்தார் என்னிடம், "அக்கா, எத்தனை மணிக்குப் போச்சுன்னு குறிச்சுக்கிட்டீங்களா?" என்றார். நான் வாயைத் திறக்குமுன் மூன்று பேர், "குறிச்சிருப்பாங்க, குறிச்சிருப்பாங்க" என்றார்கள்.

ஏழு கடிதங்களையும் நேற்றுச் சாப்பாட்டு மேசையில் ஓட்வாருக்குப் படித்துக் காட்டினேன். தெற்கு வடக்கு மாற்றிய பின்லாந்துக்காரர் வந்தபோது முட்கரண்டியை வைத்துவிட்டு மேசையைத் தட்டிச் சிரித்தார். தக்காளிப் பேராசிரியருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கடைசிக் கடிதமும் முடிந்தது. நான் மடித்து உறையில் வைத்தேன். அவர் சாப்பிடவில்லை. உப்புக் குப்பியை நகர்த்தினார், மறுபடி பழைய இடத்தில் வைத்தார்.

"குன்வோர்" என்றார். "நானும் ஒண்ணு சொல்லணும்."

இருபத்திரண்டு வருடத்தில் இந்த மாதிரி அவர் ஆரம்பித்ததில்லை. யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துக் கையிலிருந்த உறையைக் கீழே வைத்தேன்.

"நம்ம கல்யாணத்தன்னிக்கு நான் லேட்டா வந்தேன்ல, எஞ்சின் நின்னுபோச்சுன்னு சொன்னேன்ல..."

"ஆமா."

"எஞ்சின் நிக்கல. நான்தான் நிறுத்தினேன். அந்தச் சின்னத் தீவுக்குப் பின்னால படகக் கட்டிட்டு உக்காந்துட்டேன். பயம். உன்மேல இல்ல, சத்தியமா உன்மேல இல்ல. சர்ச் முழுக்க ஆளுங்க, எல்லாரும் என்னயே பாப்பாங்க, என்ன சொல்லணும்னே மறந்துபோச்சு. ஒரு அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டுப் போலாம்னுதான் நெனச்சேன்..."

முகம் காது வரைக்கும் சிவந்திருந்தது. நாற்பத்தெட்டு வயது மனுஷன், இருபத்தாறு வயதுப் பையன் மாதிரி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து போய் அவர் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தேன்.

"தெரியும்" என்றேன். "தீவுக்கு மேல ஒன் படகோட கம்பம் தெரிஞ்சுது. சர்ச் படியில நின்னு பாத்துக்கிட்டேதான் இருந்தேன். எங்கப்பா படகெடுத்துட்டுப் போய் இழுத்துட்டு வரேன்னார். வேணாம், வந்துருவான்னு சொன்னேன்."

அவர் தட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"எவ்வளவு நேரம் நின்னே?"

"நாப்பத்து மூணு நிமிஷம்."

அவர் முட்கரண்டியை மறுபடி எடுத்தார். மீனைச் சாப்பிட்டார். காப்பி குடித்தார். தட்டுகளை அவரே கழுவினார், கல்யாணமான நாள் முதல் மூன்றாவது தடவையாக. துடைக்கும்போது மட்டும், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "ஆனா அந்த எஞ்சினும் கொஞ்சம் மக்கர் பண்ணிக்கிட்டுத்தான் இருந்துச்சு" என்றார்.

குன்வோர்